நடுப்படி இல்லாத ஏணி: பிரித்தானிய ஃபோர்முலா 3 எழுந்ததும் விழுந்ததும்

2005 மார்ச் மாதம். சுனாமி வந்துபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. பாடசாலை மாணவனாக இருந்த நான், பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த ஒரு படத்தை வெட்டி என் கொப்பி உறையில் ஒட்டிவைத்தேன். மஞ்சள் நிற ஜோர்டன் கார். உள்ளே நரேன் கார்த்திகேயன். அந்த மாதம் மெல்பேர்னில் நடந்த பந்தயத்தின் மூலம் ஃபோர்முலா 1 போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார் அவர். இந்தியர் என்பதைவிட கோயம்புத்தூர்க்காரர் என்பதுதான் எங்கள் வீட்டில் பேச்சாக இருந்தது.

கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் எப்படி அங்கே போனார் என்ற கேள்வி அப்போது எனக்கு வரவில்லை. பின்னர் ஊடகக் கற்கை படிக்கும்போதுதான் வந்தது. தேடியபோது கிடைத்த விடை இதுதான்: 1998 முதல் 2000 வரை அவர் இங்கிலாந்தில் தங்கி பிரித்தானிய ஃபோர்முலா 3 சம்பியன்ஷிப்பில் ஓடினார். 1999இல் பிராண்ட்ஸ் ஹச் ஓடுபாதையில் இரண்டு பந்தயங்களை வென்றார். உலகத்தின் கண் அவர்மீது விழுந்தது அங்கேதான்.

அந்தச் சம்பியன்ஷிப் இன்று இல்லை. 2014ஆம் ஆண்டுடன் அது நின்றுவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த, ஐந்து எதிர்கால உலக சம்பியன்களுக்குப் பட்டம் கொடுத்த ஒரு போட்டித்தொடர் எப்படி ஆளில்லாமல் போனது? இதைக் கார்ப்பந்தயப் பிரியர்களுக்கான கேள்வியாக மட்டும் நான் பார்க்கவில்லை. திறமையை அளக்கும் ஒரு தேசியப் போட்டி யாருடைய பணத்தில் நடக்கிறது, அந்தப் பணம் வேறு பக்கம் திரும்பினால் என்ன மிஞ்சும் என்பதும் இதற்குள் இருக்கிறது.

முதலில் ஏணியைப் புரிந்துகொள்வோம்

ஃபோர்முலா 1 கார்களைப் போல, சாரதி ஒருவர் மட்டும் அமரக்கூடிய, சக்கரங்கள் மூடப்படாத கார்களைத்தான் ஒற்றை ஆசனக் கார்கள் என்கிறார்கள். இவற்றை ஓட்டப் பழகுபவர் வழமையாகச் சிறுவயதில் கார்ட் எனப்படும் சின்ன வண்டியில் தொடங்குவார். பதினைந்து, பதினாறு வயதில் ஃபோர்முலா ஃபோர்ட் போன்ற ஆரம்பநிலைக் கார். அதன் பிறகு ஃபோர்முலா 3. அதற்கு மேலே இரண்டாம் நிலை. உச்சியில் ஃபோர்முலா 1.

இதில் ஃபோர்முலா 3 நடுப்படி. ஆனால் வெறும் நடுப்படி அல்ல. எங்கள் கல்வி முறையோடு ஒப்பிட்டால் அதை உயர்தரப் பரீட்சை எனலாம். கீழே எத்தனை வகுப்புப் படித்திருந்தாலும், எல்லோரும் வந்து எழுதியாக வேண்டிய பரீட்சை. எல்லோரும் எழுதுவதால்தான் அதன் பெறுபேற்றுக்கு மதிப்பு. ஃபோர்முலா 1 அணிகளின் முகாமையாளர்கள் அந்தப் பெறுபேற்றை நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 1974 முதல் ஃபோர்முலா 3 கார்களில் 2 லீற்றர் என்ஜின் பொருத்தப்பட்டது. என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவை ஒரு தடுப்பு கட்டுப்படுத்தியதால் வலு அதிகம் இல்லை. ஆனால் கார் இலேசானது. ஓடுபாதையோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை அதிகம். வளைவில் கொஞ்சம் வேகத்தை இழந்தால், அதை நேர்ப்பாதையில் என்ஜின் வலுவால் ஈடுசெய்ய முடியாது. தவறு செய்பவர் உடனே பின்தங்குவார். அத்தோடு சுருள்வில், அதிர்வுத் தாங்கி, இறக்கையின் கோணம் என்று பலவற்றைப் பொறியியலாளரோடு சேர்ந்து மாற்றியமைக்க விதிகள் இடம்கொடுத்தன. ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கார் என்ன செய்கிறது என்று விளக்கவும் தெரிய வேண்டும்.

கைவிடப்பட்ட விமானத்தளங்களில் பிறந்தது

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரித்தானியாவிடம் இரண்டு பொருட்கள் மிஞ்சியிருந்தன: பயன்பாட்டில் இல்லாத விமானத்தளங்கள், கைவேலை தெரிந்த இளைஞர்கள். சில்வர்ஸ்டோன், ஸ்னெட்டர்டன், த்ரக்ஸ்டன் எல்லாமே முன்னாள் விமானத்தளங்கள்தான். பணம் இல்லாதவர்கள் 500 சிசி மோட்டார் சைக்கிள் என்ஜினை எடுத்து, கிடைத்த பழைய பாகங்களோடு சேர்த்து, சின்னச் சின்னப் பந்தயக் கார்களைச் செய்யத் தொடங்கினார்கள். அந்த 500 சிசி பந்தயத்துக்கே பின்னர் ஃபோர்முலா 3 என்ற சர்வதேச அந்தஸ்துக் கிடைத்தது. பிரித்தானியச் சம்பியன்களின் பட்டியலைப் பொதுவாக 1951இல் இருந்து கணக்கிடுவார்கள்.

சார்ள்ஸ் கூப்பரும் மகன் ஜோனும் இந்தக் கார்களைச் செய்து விற்றார்கள். மோட்டார் சைக்கிள் என்ஜினில் இருந்து சங்கிலி மூலம் பின்சக்கரத்தைச் சுழற்ற வேண்டியிருந்ததால், என்ஜினைச் சாரதிக்குப் பின்னால் வைப்பதுதான் அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்த வசதிக்கான ஏற்பாடு பத்து ஆண்டுகளில் ஃபோர்முலா 1இன் வடிவத்தையே மாற்றியது. பின் என்ஜின் கூப்பர் காரில் ஜக் பிரபாம் 1959இலும் 1960இலும் உலக சம்பியனானார். ஸ்டெர்லிங் மொஸ் தொடக்க காலத்தில் ஓட்டியதும் 500 சிசி கூப்பர்தான்.

1964இல் ஜெக்கி ஸ்டூவர்ட் பட்டம் வென்றார். 1969இல் பிரேசிலில் இருந்து வந்த எமர்சன் ஃபிட்டிபால்டி வென்றார். அதன் பிறகு இந்த ‘தேசிய’ச் சம்பியன்ஷிப், உலகம் முழுவதிலும் இருந்து இளைஞர்கள் பெட்டியோடு வந்து இறங்கும் இடமானது. 1970களில் ஒரே நாட்டில் வெவ்வேறு அனுசரணையாளர்களின் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோர்முலா 3 தொடர்கள் நடந்தன. 1978இல் நெல்சன் பிக்கே ஒன்றை வென்றார், டெரெக் வோர்விக் மற்றொன்றை வென்றார். 1979இல் எல்லாம் ஒன்றாகின. பரீட்சை ஒன்றுதான் என்று ஆன பிறகு அதன் மதிப்பு இன்னும் கூடியது.

1983: ஒரு பருவம், இரண்டு பேர்

அந்த மதிப்பு எவ்வளவு என்று காட்ட 1983ஆம் ஆண்டு போதும். பிரேசிலைச் சேர்ந்த 23 வயது அயர்டன் சென்னா, டிக் பெனட்ஸ் நடத்திய வெஸ்ட் சரே ரேசிங் அணியின் ரால்ட்-டொயோட்டா காரில் முதல் ஒன்பது பந்தயங்களையும் தொடர்ச்சியாக வென்றார். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, எடி ஜோர்டனின் அணியில் ஓடிய இங்கிலாந்துக்காரர் மார்ட்டின் பிரண்டில் திருப்பி அடிக்கத் தொடங்கினார். சென்னா விட்டுக்கொடுக்கத் தெரியாமல் மோதினார், விழுந்தார், புள்ளிகளை இழந்தார். ஓல்டன் பார்க்கில் அவருடைய கார் பிரண்டிலின் கார்மீது ஏறி நின்ற படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. த்ரக்ஸ்டனில் நடந்த கடைசிச் சுற்று வரை இழுபட்டு, ஒருவாறு சென்னா பட்டத்தைப் பிடித்தார். 20 பந்தயங்களில் 12 வெற்றிகள்.

அடுத்த ஆண்டே இருவரும் ஃபோர்முலா 1இல் இருந்தார்கள். இருபதைத் தாண்டிய இளைஞர்கள் இருவர் ஆங்கிலக் கிராமப்புற ஓடுபாதைகளில் மோதிக்கொண்டதை, உலகின் பெரிய அணிகள் ஒவ்வொரு வாரமும் கவனித்துக்கொண்டிருந்தன. சாரதிகள் மட்டுமா? எடி ஜோர்டன் 1987இல் ஜொனி ஹேர்பட்டை ஃபோர்முலா 3 சம்பியனாக்கி, 1991இல் சொந்தமாக ஃபோர்முலா 1 அணியே தொடங்கினார். நான் கொப்பியில் ஒட்டிய மஞ்சள் கார் அவருடைய பெயரைத் தாங்கியதுதான்.

1990இல் மிக்கா ஹக்கினன், 1991இல் ரூபன்ஸ் பரிசெல்லோ, 2001இல் ஜப்பானின் டகுமா சாட்டோ. பட்டியல் நீண்டுகொண்டே போனது.

பட்டியலில் தெரியாதவர்கள்

இப்படிப்பட்ட பட்டியல்களில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. வென்று மேலே போனவர்களின் பெயர்கள்தான் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்.

1982இன் சம்பியன், அயர்லாந்தைச் சேர்ந்த டொமி பேர்ன். சென்னாவுக்கு நேர் முந்தைய சம்பியன். வசதியான குடும்பம் அல்ல. அதே ஆண்டில் தியடோர் என்ற பலவீனமான ஃபோர்முலா 1 அணியில் ஒரு சில வாய்ப்புகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு பந்தயங்களுக்கு மட்டுமே அவரால் தகுதிபெற முடிந்தது. அத்தோடு முடிந்தது.

1999இல் மார்க் ஹைன்ஸ் சம்பியன். அந்த ஆண்டு மூன்றாம் இடம் ஜென்சன் பட்டனுக்கு. 2000ஆம் ஆண்டு பட்டன் வில்லியம்ஸ் அணியில் ஃபோர்முலா 1 ஓட்டினார். 2009இல் உலக சம்பியனானார். ஹைன்ஸ் ஒரு ஃபோர்முலா 1 பந்தயத்திலும் ஓடவில்லை.

ஆகவே இந்தப் பரீட்சையை முழுக்க நீதியானது என்று சொல்ல மாட்டேன். அதை எழுதவே பணம் வேண்டும். இங்கேதான் இதன் வீழ்ச்சிக்கான விதை கிடக்கிறது. கிரிக்கெட்டோ உதைபந்தாட்டமோ பார்வையாளரின் பணத்தில், தொலைக்காட்சியின் பணத்தில் நடக்கின்றன. இளையோர் கார்ப்பந்தயம் அப்படி அல்ல. அங்கே ஓடுபவர்தான் அணிக்குப் பணம் கட்டுகிறார். அணி அதில் காரை வாங்குகிறது, பொறியியலாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது, நுழைவுக் கட்டணம் செலுத்துகிறது. அந்தப் பணம் தகப்பனுடையதாக இருக்கலாம், அனுசரணை வழங்கும் கம்பனியினுடையதாக இருக்கலாம். 1983இல் இந்தத் தொடரின் பெயருக்கு முன்னால் மார்ல்பரோ என்ற சிகரெட்டின் பெயர் இருந்தது. புகையிலை விளம்பரத்துக்குத் தடைகள் வர வர அந்த வகைப் பணமும் வற்றியது. இறுதி ஆண்டுகளில் ஒரு பருவம் ஓடுவதற்கே பல இலட்சம் பவுண்ஸ் தேவைப்பட்டது.

சுருக்கமாகச் சொன்னால், பரீட்சை மண்டபத்தின் வாடகையைக் கட்டியது பரீட்சார்த்திகள்தான். அவர்கள் வேறு மண்டபத்துக்குப் போனால் இந்த மண்டபத்தைத் திறந்துவைக்க யாரும் இல்லை.

போகத் தொடங்கினார்கள்

முதல் விரிசல் மேலிருந்து அல்ல, பக்கவாட்டில் இருந்து வந்தது. 2001இல் கிமி ரைக்கனன் பிரித்தானிய ஃபோர்முலா ரெனோவில் இருந்து நேராக ஃபோர்முலா 1க்குப் போனார். ஃபோர்முலா 3ஐத் தொடாமலே உச்சிக்குப் போகலாம் என்று எல்லோரும் கண்டார்கள்.

2003இல் ஜேர்மனியின் தேசிய ஃபோர்முலா 3 தொடரும் பிரான்ஸின் தேசியத் தொடரும் ஒன்றாகி ஃபோர்முலா 3 யூரோ சீரிஸ் உருவானது. நிக்கோ ரொஸ்பேர்க், லூயிஸ் ஹமில்டன், செபஸ்டியன் வெட்டல் மூவரும் அங்கேதான் போனார்கள். மூவரும் பின்னர் உலக சம்பியன்கள். இதில் ஹமில்டன் இங்கிலாந்தில் பிறந்து, பிரித்தானிய ஃபோர்முலா ரெனோவில் 2003இல் பட்டம் வென்றவர். தன் சொந்த நாட்டின் ஃபோர்முலா 3 தொடரை விட்டு அவர் ஐரோப்பாவுக்குப் போனது வரப்போவதற்கான அறிகுறி.

2010இல் ஜிபி3 என்ற புதிய தொடர் தொடங்கியது. அது ஃபோர்முலா 1 நடக்கும் அதே வார இறுதியில், அதே ஓடுபாதையில் நடந்தது. பிரித்தானிய ஃபோர்முலா 3யோ, ஜிடி கார்ப் பந்தயங்களோடு சேர்ந்து உள்ளூர் ஓடுபாதைகளில் நடந்துகொண்டிருந்தது. முகாமையாளர்களின் கண்முன்னே ஓட விரும்பும் பெற்றோர் எதைத் தெரிவுசெய்வார்கள்?

இவ்வளவுக்கும் தரம் குறையவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. 2008இல் ஹைமே அல்குவர்சுவாரி, 2009இல் டேனியல் ரிக்கார்டோ, 2010இல் ஜோன் எரிக் வேர்ன், 2011இல் ஃபெலிப்பே நஸ்ர். தொடர்ந்து நான்கு சம்பியன்கள் ஃபோர்முலா 1க்குப் போயிருக்கிறார்கள். ஆனால் முதல் மூவரும் ரெட் புல் கம்பனியின் இளையோர் திட்டத்தில் இருந்தவர்கள். மூவரும் ஒரே கார்லின் அணி. பெறுபேறு பளபளப்பாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே தாங்கிய தூண்கள் சிலவே. அந்தக் கம்பனி தன் பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்பத் தீர்மானித்தால் போதும். 2012இல் இங்கே ஓடிய கார்லோஸ் செய்ன்ஸ் 2013இல் ஜிபி3க்குப் போனார்.

மேலிருந்து வந்த தீர்மானம்

2011இன் இறுதியில் சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனமான எஃப்ஐஏ, முன்னாள் ஃபோர்முலா 1 சாரதி கெர்ஹார்ட் பெர்கரிடம் ஒற்றை ஆசனப் பந்தயங்களைச் சீர்படுத்தும் பொறுப்பைக் கொடுத்தது. அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது. ஐரோப்பாவில் அளவுக்கு மிஞ்சிய தொடர்கள். திறமையானவர்கள் சிதறிக் கிடந்தார்கள். யார் யாரைவிடச் சிறந்தவர் என்று சொல்ல முடியவில்லை. தீர்வு: கீழே நாடுகள்தோறும் ஃபோர்முலா 4, அதற்கு மேலே முழு ஐரோப்பாவுக்கும் ஒரே ஃபோர்முலா 3 சம்பியன்ஷிப்.

2012இல் புதிய ஐரோப்பிய சம்பியன்ஷிப் தொடங்கியது. 2013இல் யூரோ சீரிஸையும் அது தனக்குள் எடுத்துக்கொண்டது. புதிய என்ஜின் விதிகளும் வந்தன. கார்லின், ஃபோர்டெக் போன்ற பிரித்தானிய அணிகள் தங்கள் பலத்தை ஐரோப்பாவுக்குத் திருப்பின. அந்தத் திட்டத்தில் தேசிய ஃபோர்முலா 3க்கு என்று ஒரு படியே இல்லை. யாரும் அதைத் தடைசெய்யவில்லை. கீழே ஒன்றையும் மேலே ஒன்றையும் அமைத்துவிட்டு, நடுவில் இருந்ததை அப்படியே விட்டார்கள்.

2013இல் பிரித்தானிய ஃபோர்முலா 3, நான்கு வார இறுதிகளாகச் சுருங்கியது. 2014இல் பந்தய நாட்களைக் கூட்டி எழுந்து நிற்கப் பார்த்தது. ஆனால் சில சுற்றுகளில் வரிசையில் நின்ற கார்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கம். அந்த ஆண்டு பட்டம் வென்ற சீனாவின் மார்ட்டின் காவ் இத்தொடரின் கடைசிச் சம்பியன். அதே 2014இல் ஐரோப்பிய ஃபோர்முலா 3யில் எஸ்டெபன் ஒக்கோனும் மக்ஸ் வெர்ஸ்டப்பனும் மோதினார்கள். ஒக்கோன் பட்டம் வென்றார். வெர்ஸ்டப்பன் அடுத்த ஆண்டு 17 வயதிலேயே ஃபோர்முலா 1 ஓட்டினார். இதைவிடத் தெளிவாக யாரும் மரண அறிவித்தல் எழுத முடியாது.

தனியே பிரித்தானியாவில் நடந்த ஒன்றல்ல இது. ஜேர்மனியின் ஃபோர்முலா 3 கிண்ணமும் 2014உடன் முடிந்தது. பிரித்தானிய ஃபோர்முலா ரெனோ 2012இல் போதிய சாரதிகள் இல்லாமல் ஏற்கெனவே நின்றிருந்தது.

பெயர் திரும்பி வந்தது, மறுபடியும் போனது

இந்தக் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. அதில் வருபவர் ஜொனதன் பாமர். மருத்துவம் படித்தவர். 1981இன் பிரித்தானிய ஃபோர்முலா 3 சம்பியன். ஃபோர்முலா 1இலும் ஓட்டியவர். பின்னர் பிராண்ட்ஸ் ஹச் உட்பட பல ஓடுபாதைகளின் உரிமையாளரானார். தான் ஏறிய படி உடைந்துகொண்டிருந்த 2013இல், பிரித்தானிய பந்தயச் சாரதிகள் கழகமான பிஆர்டிசியின் பெயரோடு அவர் ஒரு ஃபோர்முலா 4 தொடரைத் தொடங்கினார். எல்லோருக்கும் ஒரே மாதிரியான கார், ஒரே என்ஜின். புதிய பாகம் வாங்கும் ஓட்டப்போட்டிக்கு இடமில்லை. ஓடுபாதைகளும் பெரும்பாலும் அவருடையவை. செலவு குறைந்தது, கார்கள் வந்தன. 2014இல் அங்கே பட்டம் வென்றவர் ஜோர்ஜ் ரஸல்.

2016இல் அதற்குப் புதிய, வலுக்கூடிய கார் வந்தபோது, ‘பிரித்தானிய ஃபோர்முலா 3’ என்று பெயரிட எஃப்ஐஏ அனுமதித்தது. அந்த ஆண்டு லாண்டோ நொரிஸ் சில சுற்றுகளில் வந்து வென்றும் காட்டினார். பழைய பெயர் உயிர்த்துவிட்டது போலத் தெரிந்தது.

ஆனால் 2019இல் ஜிபி3யும் ஐரோப்பிய ஃபோர்முலா 3யும் இணைந்து எஃப்ஐஏ ஃபோர்முலா 3 என்ற ஒரே உலகத் தொடராகின. அந்தப் பெயர் இனி அதற்கு மட்டும். ஜப்பானில் 1979 முதல் நடந்த ஃபோர்முலா 3, 2020இல் சூப்பர் ஃபோர்முலா லைட்ஸ் ஆனது. பிரித்தானியத் தொடர் 2021இல் ஜிபி3 (GB3) ஆனது. போட்டி தொடர்கிறது, நல்ல சாரதிகளும் வருகிறார்கள். ஆனால் ஃபோர்முலா 1 அனுமதிப்பத்திரத்துக்கு 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்ற இன்றைய முறையில், எஃப்ஐஏ ஃபோர்முலா 2 சம்பியனுக்கு அந்த 40ம் ஒரே ஆண்டில் கிடைக்கும். தேசியத் தொடரை வென்றவருக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்குதான். பெறுபேற்றின் மதிப்பை இப்போது தீர்மானிப்பது அந்த அட்டவணை.

யாருக்கு நட்டம்?

சீர்திருத்தம் தவறு என்று நான் சொல்லவில்லை. இன்று ஏணி தெளிவாகத்தான் இருக்கிறது: ஃபோர்முலா 4, 3, 2, 1. ஆனால் அதன் மூன்றாம் படியில் ஒரு பருவம் நிற்க ஒரு மில்லியன் யூரோவுக்கு மேல் வேண்டும் என்று அத்துறையினரே பகிரங்கமாகப் பேசுகிறார்கள். படிகள் நேராகியிருக்கின்றன; உயரமும் கூடியிருக்கிறது.

பழைய தேசியத் தொடர் மலிவானதல்ல. ஆனாலும் ஒரே நாட்டுக்குள், ஓர் அறையில் தங்கி, வானில் ஏறி ஓடுபாதைக்குப் போய், உள்ளூர் அனுசரணையாளரைக் காட்டி, ஒரு பருவம் ஓடலாம். வென்றால் உலகம் கவனிக்கும். நரேன் கார்த்திகேயனுக்கு இங்கிலாந்தில் கிடைத்தது அதுதான். சென்னையில் இருந்து போன கருண் சந்தோக்கும் ஃபோர்முலா 1க்கு முன் அதே தொடரின் இரண்டாம் பிரிவில் ஓடியவர். இருவரும் தங்கள் நாட்டில் இல்லாத ஒரு படியை இன்னொரு நாட்டின் ‘தேசிய’ப் போட்டியில் கண்டார்கள்.

நான் ஒட்டிய படம் இருந்த கொப்பி எங்கே போனதென்று தெரியாது. ஆனால் இன்று ஒரு பிள்ளை அப்படி ஒரு படத்தை ஒட்டிவைத்துவிட்டு, இவர் எப்படி அங்கே போனார் என்று கேட்டால், நான் சொல்லக்கூடிய பதில் நீளம் குறைந்துவிட்டது. யார் பணம் கட்டினார்கள் என்று முதலில் பார், மிச்சம் பிறகு என்பேன்.